தானம் வந்த மாட்டின் பல்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. கொடுப்பவரின் உள்ளத்தைப் பார். கொடுத்த பொருளின் குறையைத் தேடாதே என்பது அதன் கருத்து. நம் சமுதாயத்தைத் தாங்கிய நல்ல பண்புகளில் இதுவும் ஒன்று. தோட்டப்புற வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டுப் பிள்ளை எழுந்து நடக்கத் தொடங்கியதும் அதன் தொட்டில் அடுத்த வீட்டுக்குப் போகும். அண்ணனின் சீருடை, கைமடிப்பு அவிழ்க்கப்பட்டும் மடிக்கப்பட்டும், தம்பி தங்கையர் வரை உழைக்கும். பாடநூலின் முதற்பக்கத்தில் மூன்று பெயர்கள் எழுதி அடிக்கப்பட்டு, நான்காவது பெயர் புது மையில் விளங்கும். இவ்வாறு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போன பொருள்களால்தான் பல குடும்பங்கள் தலைநிமிர்ந்தன.

இந்தப் பண்பைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும் தொட்டிலைப் போலவும் பாடநூலைப் போலவும் எண்ணிக் கைமாற்ற முடியாத பொருள் ஒன்று இன்று நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. மகிழுந்தில் குழந்தையை அமர்த்திப் பூட்டும் பாதுகாப்பு இருக்கையே அது. மற்ற பொருள்களில் குறை இருந்தால் நம் கண்ணுக்குத் தெரியும். தொட்டிற்கயிறு நைந்தால் கை சொல்லிவிடும். சட்டை கிழிந்தால் ஊரே சொல்லிவிடும். குழந்தை இருக்கையின் குறையோ, விபத்து நிகழும் அந்த ஒரு நொடி வரை வாய் திறப்பதில்லை. ஆகவே இந்த ஒரு மாட்டுக்கு மட்டுமாவது பல்லைப் பிடித்துப் பார்த்தே தீரவேண்டும்.

இருக்கை எதற்கு, தாயின் மடியை விடப் பாதுகாப்பான இடம் உண்டா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அன்புக்கு மடியை விடச் சிறந்த இடம் இல்லை என்பது உண்மை. விபத்தின் கணக்கு வேறு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்து ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. அது எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவர் மீது அவரவர் எடையைப் போல் சுமார் 14 மடங்கு விசை தாக்கும். 10 கிலோ எடையுள்ள குழந்தையை அப்போது பிடித்து நிறுத்த வேண்டுமானால், 140 கிலோ மூட்டையைத் தாங்கும் வலிமை கைகளுக்கு வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அந்த வலிமை இல்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் கைப்பிடிச் சுவர் இல்லாமல் குழந்தையை உட்கார வைக்க நம்மில் யார் துணிவோம்?

குழந்தை, அளவில் சிறிய பெரியவர் அன்று. பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு இருக்கும். அந்தப் பெரிய தலையைத் தாங்கும் கழுத்தோ இன்னும் வலுப்பெறாதது. வண்டியில் உள்ள வார், வளர்ந்தவரின் தோளெலும்பிலும் இடுப்பெலும்பிலும் படியும்படி அமைந்தது. அதே வார் சிறு குழந்தையின் கழுத்திலும் வயிற்றிலும் படிந்தால், காக்க வந்ததே காயப்படுத்தும். சுவீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்ட்டில் ஆல்ட்மன் 1960களில் இதைச் சிந்தித்தார். விண்வெளி வீரர்கள் ஏவுகலத்தின் விசையை முதுகு முழுவதிலும் ஏற்கும்படி படுத்திருந்த முறையைக் கண்ட அவர், குழந்தையை வண்டியின் பின்புறம் நோக்கி அமர்த்தும் இருக்கையை வடிவமைத்தார். மோதலின் விசை கழுத்தில் குவியாமல் முதுகு, தலை, தோள் எங்கும் பரவும் என்பதே அதன் தத்துவம். கைக்குழந்தைகளைப் பின்நோக்கி அமர்த்த வேண்டும் என்று இன்று உலகெங்கும் வற்புறுத்தப்படுவதற்கு இதுவே காரணம்.

இருக்கை என்ற பெயரில் விற்கப்பட்டவை எல்லாம் தொடக்கத்திலிருந்தே பாதுகாப்பானவை என்று எண்ணிவிடக் கூடாது. 1930களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தவை, குழந்தை அங்குமிங்கும் தாவாமல் இருக்கவும் அது வெளியே வேடிக்கை பார்க்கவும் செய்யப்பட்டவை. அந்நாட்டு அரசு 1971இல் முதல் தரவிதியை வகுத்தபோதும், மோதச் செய்து சோதிக்கும் கடமை அதில் இடம்பெறவில்லை. 1981இல்தான் அச்சோதனை கட்டாயமாயிற்று. ஐரோப்பாவில் தோன்றி, பின்னர் பல நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாட்டு ஒழுங்குமுறை எண் 44இன்படி, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்க மோதலைத் தாங்குகிறதா என்று இருக்கை சோதிக்கப்படுகிறது. 2013இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குமுறை எண் 129, பக்கவாட்டு மோதலையும் சோதனையில் சேர்த்தது. 15 மாதம் நிறையும் வரை குழந்தை பின்நோக்கியே அமரவேண்டும் என்றும் விதித்தது. இவ்விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு வீட்டில் சிந்தப்பட்ட கண்ணீர் உண்டு.

சோதனையில் தேறிய இருக்கையிலும் குறை இருக்கக்கூடுமா? கூடும் என்பதற்கு அமெரிக்காவில் 2014இல் நடந்தது சான்று. கிராக்கோ என்னும் புகழ்பெற்ற நிறுவனம் அவ்வாண்டு பிப்ரவரியில் சுமார் 37 இலட்சம் குழந்தை இருக்கைகளைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தது. சூலையில் மேலும் ஏறத்தாழ 19 இலட்சம் சேர்ந்தன. மொத்தம் 60 இலட்சத்தைக் கடந்த அந்த எண்ணிக்கை, அந்நாட்டில் குழந்தை இருக்கைகளுக்காக அதுவரை நடந்த திரும்பப்பெறுதல்களுள் மிகப் பெரியது. குறை எங்கே இருந்தது? வார்களைப் பூட்டும் கொக்கியில். குழந்தை சிந்திய உணவும் பானமும் அதற்குள் புகுந்து உலர்ந்ததும், கொக்கி திறக்க மறுத்தது. தீப்பற்றிய வண்டியிலிருந்தோ நீரில் விழுந்த வண்டியிலிருந்தோ குழந்தையைத் தூக்க முயலும் தாய்க்கு, அந்தக் கொக்கி எமனின் கைவிலங்கு ஆகிவிடாதா? குறையை உரிய காலத்தில் அரசுக்குத் தெரிவிக்கவில்லை என்பதற்காக, 2015 மார்ச்சில் அந்நிறுவனத்தின் மீது ஒரு கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள நடவடிக்கை எடுக்கப்பட்டது. அதில் 30 இலட்சம் அபராதம். எஞ்சிய 70 இலட்சம் குழந்தைப் பாதுகாப்புப் பணிகளுக்குச் செலவிடப்பட வேண்டியது.

அந்த இருக்கைகள் எல்லாம் குப்பைக்குப் போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நிறுவனம் இலவசமாக மாற்றுக் கொக்கி அனுப்பியது. பெற்றோர் அதைப் பொருத்திக்கொண்டனர். குறை தெரிந்தால் திருத்தம் எளிது. ஆனால் அந்தக் கொக்கி யார் வீட்டுக்குப் போகும்? இருக்கையை வாங்கியபோது தம் பெயரையும் முகவரியையும் பதிவு செய்தவர் வீட்டுக்குத்தான் போகும். 1993 முதல் அந்நாட்டில் ஒவ்வொரு புதிய இருக்கையுடனும் பதிவு அட்டை வைக்கப்படுவது இதற்காகவே. அந்த இருக்கை இரண்டாவது வீட்டுக்கும் மூன்றாவது வீட்டுக்கும் போயிருந்தால், எச்சரிக்கைக் கடிதம் முதல் வீட்டு வாசலோடு நின்றுவிடும். பொருள் கைமாறுகிறது, பொருளைப் பற்றிய செய்தி கைமாறுவதில்லை. பழைய இருக்கையின் முதல் ஆபத்து இதுவே.

இரண்டாவது ஆபத்து முதுமை. பிளாஸ்டிக்குக்கும் நுரைப்பொருளுக்கும் ஆயுள் உண்டு. நம் நாட்டு வெயிலில் நிறுத்திவைத்த மகிழுந்தின் உட்புறம் 50 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கும், மாலையில் தணியும், மறுநாள் மீண்டும் கொதிக்கும். பல ஆண்டுகள் இவ்வாறு வெந்து தணிந்த உடல், பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே இறுகி நொறுங்கும் நிலையை அடையும். பெரும்பாலான நிறுவனங்கள் இருக்கையின் அடிப்புறத்தில் செய்த நாளைப் பொறித்து, 6 முதல் 10 ஆண்டுகளுக்குள் ஒரு காலவரையறை கூறுவது இதனால்தான். மூன்றாவது ஆபத்து, முன்பே ஒரு விபத்தைச் சந்தித்திருப்பது. கடுமையான மோதலில் இருக்கை தன் வலிமையைக் கொடுத்துக் குழந்தையைக் காக்கிறது. கொடுத்த வலிமை அதற்குத் திரும்பி வருவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத மயிரிழை விரிசல், அடுத்த மோதலில் இரு கூறாகப் பிளக்கும்.

நான்காவது ஆபத்து, பிறக்கும்போதே போலியாகப் பிறந்தது. துணியையும் மெல்லிய பஞ்சையும் நான்கு வார்களையும் சேர்த்துத் தைத்து, குழந்தை இருக்கை என்று பெயர் சூட்டி இணையக் கடைகளில் மலிவாக விற்கிறார்கள். எந்தச் சோதனைக்கும் உட்படாத இத்தகைய துணி இருக்கைகளை வாங்க வேண்டா என்று பிரிட்டனின் வணிகத் தர அலுவலர்கள் பன்முறை எச்சரித்திருக்கிறார்கள். படத்தில் சிரிக்கும் குழந்தையைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம்.

இவ்வளவையும் நான் ஏட்டறிவாகவே அறிந்திருந்தால் இக்கட்டுரை எழுதப்பட்டிராது. எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நூலகத்துக்காக நிதி திரட்ட, பயன்படுத்திய பொருள்களின் விற்பனை நாள் ஒன்றை நடத்தியது. ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர், தம் பேரன் பயன்படுத்திய குழந்தை இருக்கையைக் கழுவி உலர்த்தித் தோளில் சுமந்து கொண்டுவந்து கொடுத்தார். விலை 20 ரிங்கிட் என்று எழுதி மேசைமேல் வைத்தனர். முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாய், இடுப்பில் எட்டு மாதக் குழந்தையுடன் வந்தவர், அதைக் கண்டதும் பணத்தை எடுத்துவிட்டார். அப்போது எங்கள் இளம் ஆசிரியை ஒருவர் இருக்கையைத் தலைகீழாகத் திருப்பினார். அடிப்புறத்தில் ஒட்டுச்சீட்டு இருந்த அடையாளம் மட்டும் இருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. வாரின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. பெரியவரிடம் விசாரித்தபோது, தம் மகனின் வண்டியைச் சாலைச் சந்திப்பில் பின்னாலிருந்து ஒரு வேன் மோதியதையும், வண்டியைப் பட்டறையில் மூன்று வாரம் போட்டிருந்ததையும் அவர் மறைக்காமல் கூறினார்.

ஆசிரியை என்னை அழைத்தார். விற்க வேண்டா என்றேன். பெரியவரின் முகம் வாடியது. “என் பேரன் மூணு வருசம் உட்கார்ந்த இருக்கை, ஐயா. அவனுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றார். அந்தத் தாயோ இன்னும் கூர்மையாகக் கேட்டார்: “மடியில வச்சுக்கிட்டுப் போறதுக்கு இது மேல் இல்லையா, ஐயா? புதுசு வாங்க எங்ககிட்ட எங்க இருக்கு?”

இரண்டு வினாக்களும் ஒதுக்கித் தள்ளக்கூடியவை அல்ல. பெரியவருக்கு நான் கூறிய விடை இது: மழை பெய்யாத வரையில் ஓட்டைக் குடையும் நல்ல குடைதான். பேரன் அதில் இருந்த மூன்று ஆண்டுகளில் அந்த இருக்கை சோதிக்கப்படவே இல்லை. அது சோதிக்கப்பட்ட ஒரே நாள், பின்னால் வேன் வந்து மோதிய நாள். அன்று அது தன் கடமையைச் செய்துவிட்டது. கடமை முடித்த பொருளை மீண்டும் களத்துக்கு அனுப்புவது நன்றியும் ஆகாது, தானமும் ஆகாது.

தாயின் வினா கடினமானது. ஏனெனில் அது ஏழ்மையின் வினா. இருக்கையே இல்லாமல் போவதை விட ஏதோ ஓர் இருக்கை மேல் அன்றோ என்று எவருக்கும் தோன்றும். மடி ஆபத்து என்று அறிந்த தாய், புதிய இருக்கைக்காக மாதந்தோறும் பத்து ரிங்கிட்டாவது ஒதுக்குவார், உறவினரைக் கேட்பார், தேவையற்ற பயணத்தைக் குறைப்பார். வரலாறு தெரியாத இருக்கையில் பிள்ளையைப் பூட்டிய தாயோ, கடமை முடிந்தது என்று தேடுவதை நிறுத்திவிடுவார். குறையுள்ள இருக்கை உடலைக் காக்கத் தவறுவதோடு, உள்ளத்தின் விழிப்பையும் உறங்க வைக்கிறது. ஆயினும் இந்த விளக்கத்தை மட்டும் கையில் கொடுத்து அவரை அனுப்பினால் அது வறட்டு உபதேசமே. மறுப்பவர் மாற்று வழியும் காட்டவேண்டும்.

நாங்கள் தாழ்வாரத்திலேயே அமர்ந்து பேசினோம். பேச்சின் முடிவில் பெரியவர் தாமே கத்தரிக்கோல் கேட்டு வாங்கினார். குப்பைமேட்டிலிருந்து வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, வார்களை ஒவ்வொன்றாக வெட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து 50 ரிங்கிட் எடுத்து மேசைமேல் வைத்து, “இதைப் புது இருக்கைக்குக் கணக்கு வைங்க” என்றார். தாயின் 20 ரிங்கிட்டும் ஆசிரியர்களும் சங்கத்தினரும் இட்டதும் சேர்ந்து, அங்கீகாரம் பெற்ற எளிய இருக்கை ஒன்று இரண்டு வாரத்தில் அவ்வீட்டுக்குச் சென்றது. நம் பழைய தானப் பண்பு அன்று அழியவில்லை. அறிவோடு கைகோத்து நடந்தது. ஆயினும் ஒரு வீட்டுக்குச் செய்ததை ஊரெங்கும் செய்ய எந்தப் பள்ளிக்கும் இயலாது. எல்லா வீட்டுக்கும் நாம் தரக்கூடியது படிக்கும் பழக்கம் ஒன்றே.

எதைப் படிப்பது? இருக்கையின் பின்புறத்திலோ அடிப்புறத்திலோ உள்ள அங்கீகார ஒட்டுச்சீட்டைப் படிக்க வேண்டும். ஒழுங்குமுறை எண் 44 அல்லது 129 என்னும் குறிப்பு அதில் இருக்கும். வட்டத்துக்குள் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும், அதன் அருகே ஓர் எண்ணும் இருக்கும். அவ்வெண் அங்கீகாரம் வழங்கிய நாட்டைக் குறிக்கும். 1 என்றால் செருமனி, 4 என்றால் நெதர்லாந்து. குழந்தையின் எடை அல்லது உயரத்துக்கான வரம்பும் அங்கேயே இருக்கும். பிறகு செய்த நாளையும் மாதிரி எண்ணையும் குறித்துக்கொண்டு, அந்த மாதிரி திரும்ப அழைக்கப்பட்டதா என்பதை நிறுவனத்தின் அறிவிப்புகளில் தேட வேண்டும். புதிதாக வாங்கினால் பதிவு செய்யும் வேலையைத் தள்ளிப்போடலாகாது. உடன்பிறந்தவரோ நெருங்கிய உறவினரோ தரும் இருக்கையை ஏற்கக் கூடாது என்பதில்லை. ஒட்டுச்சீட்டும் கையேடும் முழுமையாக இருந்து, காலவரையறை கடவாமல், விபத்தைச் சந்திக்கவில்லை என்று கொடுப்பவரே உறுதியாகக் கூறினால் மகிழ்ச்சியோடு ஏற்கலாம். யார் தந்தது என்று தெரியாத இருக்கையை ஏற்கலாகாது.

குறையற்ற இருக்கையும் தவறாகப் பொருத்தப்பட்டால் குறையுள்ளதே. பொருத்திய பின் வார் செல்லும் இடத்தில் பிடித்து அசைத்தால், இருக்கை ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. குழந்தையின் தோளில் படியும் வாரை இரு விரலால் கிள்ளி மடிக்க முடியாத அளவுக்கு அது இறுக்கமாக இருக்க வேண்டும். பின்நோக்கிய இருக்கையை, காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்கலாகாது.

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. மலேசியாவில் முன்னிருக்கையினர் வார் அணிவது 1979இலும், பின்னிருக்கையினர் அணிவது 2009இலும் கட்டாயமாயின. தனியார் மகிழுந்துகளில் குழந்தை இருக்கை 2020 சனவரி முதல் நாள் தொடங்கிக் கட்டாயமாயிற்று. சிங்கப்பூரில் 2012 முதல், 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்தவர்களுக்குத் தகுந்த இருக்கை வேண்டும் என்பது விதி. ஆனால் சட்டம் ‘இருக்கை உண்டா?’ என்று கேட்கும். ‘அதற்கு என்ன வயது, அது எங்கே அடிபட்டது?’ என்று ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திக் கேட்க அதற்கு இயலாது. அந்த வினாவைக் கேட்க வேண்டியவர்கள் வீட்டில் உள்ளவர்கள்.

அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் நாம். ஆசிரியர் நண்பர்கள் இதை அறிவியல் பாடத்தில் ஒரு கணக்காகத் தரலாம்: மாணவர் தத்தம் எடையை 14ஆல் பெருக்கிப் பார்க்கட்டும். மொழிப் பாடத்தில் ஒரு பயிற்சியாகத் தரலாம்: வீட்டில் தம்பி தங்கையின் இருக்கையைத் தந்தையோடு சேர்ந்து கவிழ்த்து, அதன் ஒட்டுச்சீட்டில் உள்ளதைக் குறிப்பேட்டில் தமிழில் எழுதிவரட்டும். எழுத வரும் மாணவனின் கையில் சீட்டு கிழிந்திருக்கிறது என்ற செய்தி இருந்தால், அதுவே அவன் அந்த ஆண்டில் எழுதிய மிகச் சிறந்த கட்டுரை. கவிதையைப் படித்துப் பொருள் கூறவும், சான்றிதழைப் படித்து வேலை தேடவும் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்பிக்கிறோம். ஒரு பிளாஸ்டிக் பொருளின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்து, பேசத் தெரியாத ஒரு தம்பியின் உயிரைக் காக்கவும் அதே எழுத்துத்தான் வேண்டும்.